வீட்டு வரியும் புவிசார் தடையும்

ஸ்டுட்கார்ட்,
ஆடி மாதம்.

வீட்டிலுள்ள அனைவருக்கும்,

இணையதளம் ஒன்று, தன்னைத் திறப்பவர் எந்த நாட்டில் இருக்கிறார் என்று பார்த்து, சில நாட்டிலிருப்போரை மட்டும் உள்ளே விட்டு மற்றவரை வாசலோடு திருப்பி அனுப்பும் முறை புவிசார் தடை எனப்படும். வீட்டு வரி ஏன் இன்னும் கட்டப்படவில்லை என்று அப்பா கேட்டிருந்த கேள்விக்கான விடை, மூத்த மகனின் சோம்பலில் அன்று, இம்முறையிலேயே அடங்கியிருக்கிறது.

இத்தடை ஆளைப் பார்ப்பதில்லை, பாஸ்போர்ட்டையும் கேட்பதில்லை; ஒவ்வோர் இணைய இணைப்புக்கும் உரிய ஐபி முகவரி என்னும் எண்ணை மட்டுமே பார்க்கிறது. இவ்வெண்களை உலகில் ஐந்து வட்டாரப் பதிவகங்கள் பகிர்ந்தளிக்கின்றன. ஐரோப்பாவுக்கு ஆம்ஸ்டர்டாமில் ரைப், இந்தியாவுக்குப் பிரிஸ்பேனில் ஏப்னிக் என்று பிரிவினை இருப்பதால், எந்த எண் எந்த நாட்டில் புழங்குகிறது என்று அட்டவணை போட்டு விற்பதே சில நிறுவனங்களுக்குத் தொழிலாகிவிட்டது. ஆகவே, தேர்த் திருவிழாவைப் படம் பிடிக்க வந்து நம் ஊர் லாட்ஜில் தங்கியிருக்கும் ஜெர்மானியர் நினைத்தால் நம் வீட்டு வரியைத் தாராளமாகக் கட்டலாம். அந்த வீட்டுத் திண்ணையிலேயே தவழ்ந்து வளர்ந்தவர் கட்ட முடியாது.

இதற்கு மாற்றாக, வேறு நாட்டுக் கணினி ஒன்றின் வழியே சுற்றிச் சென்று அந்நாட்டு எண்ணைப் பூண்டுகொள்ளும் விபிஎன் என்னும் உபாயம் உண்டு. அதன் தயவில் மகன் சென்னைவாசியானதும் வரித்தளம் திறந்தது; ஆனால் இங்குள்ள வங்கியோ, வாடிக்கையாளர் இந்தியாவுக்கு ஓடிவிட்டதாக எண்ணிக் கணக்கைப் பூட்டியது. விபிஎன்னை அணைத்தால் வங்கி திறந்தது, வரித்தளம் மூடியது. போட்டால் வரித்தளம் திறந்தது, வங்கி மூடியது. இரண்டையும் ஒருவாறு சமாதானப்படுத்திய வேளையில் ஓடிபி அப்பாவின் போனுக்குப் போய், அவர் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் காலாவதியானது. இங்கே இரவு 8 மணி என்றால் அங்கே 11.30 என்பதால் அப்பாவின் கோபமும் நியாயமே. விபிஎன் ஓடிய நேரமெல்லாம் திரையின் ஓரத்தில் ஆடித் தள்ளுபடி விளம்பரங்களும் சென்னை வெயிலின் அளவும் வந்துகொண்டிருந்ததால், வேலை கெட்ட பின்னரும் அதை அணைக்க மகனுக்கு மனம் வரவில்லை.

ஜெர்மானியரும் இவ்வவதியை அறிந்தவர்களே: கெமா என்னும் இசை உரிமைச் சங்கத்துக்கும் யூடியூபுக்கும் நடந்த ராயல்டித் தகராறால், 2009 முதல் 2016 நவம்பர் வரை பல பாட்டுகளை அவர்கள் தம் நாட்டிலிருந்தபடி யூடியூபில் கேட்க முடியவில்லை. 2018 டிசம்பர் 3 முதல், தக்க காரணமின்றி ஓர் ஐரோப்பிய ஒன்றிய நாட்டின் இணையக் கடை மற்றோர் ஒன்றிய நாட்டவரைத் தடுக்கக் கூடாது என்ற விதியும் நடப்பில் உள்ளது. சினிமாவுக்கு அது பொருந்தாது, நம் வீட்டு வரிக்கோ சற்றும் பொருந்தாது. வெளிநாட்டுத் தாக்குதலைத் தவிர்க்கவே தடை என்பார்கள். தாக்க நினைப்பவர் மும்பையிலேயே ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்துக்கொள்வார், அகப்படுவது மகன்கள்தாம்.

எனவே இவ்வரையாண்டு வரியைச் சித்தப்பா நேரில் போய் வரிசையில் நின்று கட்டிவிடுவதே உத்தமம். மூத்தவனுக்குக் கம்ப்யூட்டர் பாதுகாப்பில் பெரிய வேலை என்று அம்மா தெருவெல்லாம் சொல்லிவருவதை, ரசீது கைக்கு வரும்வரை ஒத்திவைக்கலாம்.

இப்படிக்கு,
மூத்த மகன்