கட்-ஆஃபைத் திருப்பிட்டாராம் துரை

வாடா கண்ணு. கேரவனை ஸ்ரீரங்கப்பட்டணத்துக் காவேரிக் கரையில நாலு நாள் நிறுத்திப்போட்டு, நிமிஷாம்பா கோயிலு, ரங்கனதிட்டுப் பறவை, மைசூரு அரண்மனைன்னு சுத்திட்டு வந்தியாமே. திரும்பி வந்தா லைட்டு எரியலையாம், ஃப்ரிட்ஜ் ஓடலையாம். "பேட்டரி கட்-ஆஃப் சுவிட்ச்சைத் திருப்பிட்டுத்தான் போனேன் தாத்தா"ன்னு இதுல பீத்தல் வேற!

திப்பு சுல்தானுந்தான் இதே ஊர்ல கோட்டைக் கதவையெல்லாம் சாத்தி வெச்சிருந்தாரு. 1799 மே 4, மத்தியானம் ஒரு மணி. வெள்ளைக்காரன் கதவையா வந்து தட்டினான்? பீரங்கியால வடமேற்கு மதிலை முன்னாடியே ஓட்டை போட்டுட்டு, வெள்ளம் வர்றதுக்குள்ள ஆத்துல இறங்கி அந்த ஓட்டை வழியாப் பூந்துட்டான். உன்ற வண்டியிலயும் அப்படி ஒரு ஓட்டை இருக்குது சாமி.

அந்தச் சுவிட்ச்சு, லைட்டு ஃப்ரிட்ஜுக்குக் கரண்டு குடுக்கற வீட்டு பேட்டரியிலிருந்து ஃப்யூஸ் பொட்டிக்குப் போற வழியைத்தான் அறுக்கும். கேஸ் கசிஞ்சா கத்துற அலாரத்தைப் பல வண்டியில பேட்டரியில நேராக் கட்டியிருப்பான். அதைத் திட்டாதே, நீ குறட்டை விடறப்ப உன்னை எழுப்ப அது ஒண்ணுதான் முழிச்சிருக்கும். சோலார் கன்ட்ரோலர், பாட்டுப் பொட்டி, மடக்குப் படின்னு இன்னும் ரெண்டு மூணு திருட்டுப் பூனையும் அங்கேயே குடிக்கும்.

எல்லாம் சேர்ந்து அரை ஆம்பியர்தானேன்னு இளக்காரமாச் சிரிக்காதே. ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர் ஆச்சா? 100 ஆம்பியர்-அவர் பேட்டரி நாலே நாள்ல பாதி காலி. ஈய பேட்டரி அதுக்குக் கீழ அடிக்கடி இறங்கினா ஆயுசு போச்சு. சார்ஜரைக் கழட்டி, கொஞ்ச நேரம் ஆறவிட்டு மீட்டரை வை: 12.7 வோல்ட் காட்டினா நிறைஞ்சிருக்கு, 12.1 பக்கம் வந்தாப் பாதி.

"என்ஜின் மட்டும் உறுமுச்சே"ங்கறே. அது வேற பேட்டரிடா, பட்டணத்துப் படிப்பாளி!

மாசக்கணக்கா நிறுத்தறதா இருந்தா நெகட்டிவ் வயரையே கழட்டிப்போடு. உள்ளே படுக்கறதுக்கு முன்னாடி மறக்காம மாட்டு, அலாரத்துக்கு உசுரு வேணுமில்ல. சோலார் இருந்தா, எதை முதல்ல கழட்டணும்னு அதுங்கூட வந்த புஸ்தகத்தைப் படிச்சுட்டுக் கையை வை.

அப்புறம், நேத்து ராத்திரி பூரா என்ற வீட்டுக் கரண்டுல சொருகி வெச்சியே, பேட்டரி ஏறுச்சா? ஏறலையா? போய்ப் பாரு, கட்-ஆஃப் இன்னும் ஆஃப்லதான் இருக்கும். சில வண்டியில அப்படி இருந்தா பேட்டரிக்குச் சொட்டுக் கரண்டு போகாது. பில்லை மட்டும் நாங் கட்டறேன், விடு.