கோணைக் குடிவழி இலக்கணம்

நூற்பா 1
ஊழியம் ஏடே கல்லே வாயென
நால்வகைத் தென்ப கோணைக் குடிவழி.

உரை: திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்த குடும்பங்கள் தம் பாட்டன்மாரை அடையும் வழி நான்கு என்றவாறு. பிற ஊர்களில் பாட்டன்மார் பேரன்மாரைப் பெறுவர். இங்கே பேரன்மாரே பாட்டன்மாரைப் பெறுவர் என்க. எந்தப் பாட்டன் பிறப்பான் என்பது பேரனுக்கு அப்போது என்ன தேவை என்பதைப் பொறுத்தது.

ஊழியவழி: கவிராசர் பாடிய கோணேசர் கல்வெட்டே இதற்கு முதனூல். குளக்கோட்டன் என்னும் மன்னன் கோணேசர் கோயில் தொழும்புக்கெனச் சோழநாட்டிலிருந்து தானத்தாரையும் வரிப்பத்தாரையும் அழைத்துவந்து, பூவெடுப்பது யார், விளக்கேற்றுவது யார் என்று வகுத்ததாக அது கூறும். 17ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்துக் கற்களைக் கோட்டை கட்ட எடுத்துக்கொண்டனர். வேலைப் பங்கீட்டை அவர்களால் இடிக்க முடியவில்லை. அது தம்பலகாமத்து ஆதிகோணேசர் கோயிலில் தொடர்ந்தது. ஆகவே இவ்வகையில் வயலுறுதியிலும் வலியது விளக்குத் திரி.

ஏட்டுவழி: இது ஐரோப்பியர் வழிவந்த பறங்கியர்க்கு உரித்து. 1908இல் கொழும்பில் தோன்றிய டச்சுப் பறங்கியர் ஒன்றியம், ஒல்லாந்தக் கம்பனி ஊழியன் ஒருவனை ஆண்வழியில் மூதாதையாகக் காட்டுவோரையே உறுப்பினராக ஏற்றது. வமிசாவளிகளைத் தன் சஞ்சிகையில் அச்சிட்டது. தாய்வழி எத்தனை தலைமுறை நீண்டாலும் கணக்கில் சேரவில்லை. தச்சுத் தொழிலும் கொல்லுத் தொழிலும் செய்து, வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோல் பேசிய பாலையூற்றுப் பறங்கியருக்கு அந்த ஏட்டில் இடமில்லை. அவர்களுக்குக் கோயில் ஞானஸ்நானப் புத்தகமும் கல்யாண வீட்டுக் கஃப்ரிஞ்ஞா ஆட்டமுமே சான்று.

கல்வழி: இது இருவகைத்து. ஒன்று, கல் சொல்லாததை ஊர் சொல்வது. சுவாமிமலையில் பிரான்சினா வான் ரீட் என்ற ஒல்லாந்தப் பெண்ணின் பெயரும் 1687ஆம் ஆண்டும் பொறித்த தூண் ஒன்று உண்டு. காதலன் கைவிட்டுக் கப்பலேற, அவள் மலையுச்சியிலிருந்து குதித்தாள் என்பது ஊர்க்கதை. அவளோ பின்னர் கலியாணம் முடித்து வாழ்ந்தாள் என்கின்றன பதிவுகள். ஊர் இன்றும் அவளைக் குதிக்கவைக்கிறது.

மற்றது, கல் சொல்வதை ஊர் கேளாதது. கிழக்கிந்தியக் கடற்படைத் தலைவர் சார்ள்ஸ் ஒஸ்டின் 1852 ஒக்டோபரில் பர்மாவில் வாந்திபேதியால் இறந்து, திருகோணமலை எஸ்பிளனேட் மயானத்தில் அடக்கமானார். 1807இல் அவர் மணந்தது அமெரிக்கக் கரைக்கு அப்பால் உள்ள பெர்முடாவில் சட்டமா அதிபராயிருந்தவரின் மகளை; அவள் இறந்தபின் 1820இல் அவள் சகோதரியையே மணந்தார். இதில் நம்மூர் மாமிமார் குற்றம் காணார். ஆயினும் ரியர் அட்மிரலைக் காண எவரும் வருவதில்லை. நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பியைக் காணவே வருகிறார்கள்.

வாய்வழி: முன்னை மூன்றையும் வெல்வது இது. இடம் கல்யாண மண்டபம், இரண்டாம் பந்திக்குக் காத்திருக்கும் நேரம்.

“தம்பி ஆற்ற பிள்ளை?”

“உவர்மலையில…”

“கச்சேரியில வேலைசெய்த பொன்னையற்ற மோனோ?”

“பேரன், ஆச்சி.”

“அப்ப நீ எனக்கு மருமோன் முறை. இதில இரு.”

ஏடும் கல்லும் இன்றி நொடியில் ஒரு கிளை முளைத்தவாறு காண்க. மறுத்தால் பந்தியில் இடம் கிடையாது என்பது நச்சினார்க்கினியர் காணாத நயம்.

நூற்பா 2
வந்தவர் தங்கின் வழியும் தங்கும்.

உரை: இது புறனடை. டொக்யார்ட் வேலைக்கெனப் பல திசையிலிருந்தும் வந்து, 1957இல் பிரித்தானியக் கடற்படைத் தளம் கைமாறிய பின்னும் ஊர் திரும்பாதோர் மேற்சொன்ன நான்கினுள் எதில் அடங்குவர் எனின், முதல் தலைமுறையில் எதிலும் அடங்கார். இரண்டாவதில் ஞானஸ்நானப் புத்தகத்திலோ கோயில் உபயப் பட்டியலிலோ அடங்குவர். மூன்றாவதில் பொருத்தம் பார்க்கும் வேளை வரும். அப்போது மாமிமார் மனம்வைத்தால் குளக்கோட்டன் கப்பலிலேயே அவர்களுக்கு இடம் பிடித்துக் கொடுப்பர் என்க.