ஆறு நாட்டுத் தேனிலவும் அக்காவின் கத்தரிக்கோலும்

ம்யூனிக்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நானும் அத்தானும் பிள்ளைகளும் இங்கே நலம். பந்தக்காலுக்கு யாரைச் சொல்லியிருக்கிறது, சாம்பார் எந்த மாஸ்டர் கைப்பக்குவம் என்பதுவரை அம்மா தினமும் போனில் ஒலிபரப்பிவிடுவதால், பாளையங்கோட்டையில் நீங்கள் எல்லாரும் நலமா என்று கேட்க வேண்டியதில்லை.

நீ அனுப்பிய பட்டியல் கிடைத்தது. பத்து நாள், ஆறு நாடு. படித்துவிட்டு அத்தான் கேட்டது ஒரே கேள்வி: "உன் தம்பி தேனிலவுக்கு வர்றானா, தேர்தல் பிரசாரத்துக்கு வர்றானா?"

யார் யார் எதைச் சேர்த்தார்கள் என்பது பார்த்தவுடனே தெரிகிறது. ரோம், அப்பா. ஆயுசு முழுக்க வகுப்பறையில் சீசரைக் குத்திக் கொன்றவர், மகனாவது சம்பவ இடத்தைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று நினைக்கிறார். சுவிட்சர்லாந்து, அம்மா. 1969-இல் 'சிவந்த மண்' பார்த்ததிலிருந்து அவளுக்கு ஐரோப்பா என்றால் பனிமலையும் அதன் அடிவாரத்தில் பாட்டும்தான். பிராக், உன் ஆபீஸ் நண்பன். ஜெர்மனி, பாவம், என் முகத்துக்காக. ஆம்ஸ்டர்டாம் சித்தப்பா சொன்னதாம், துலிப் தோட்டம் பார்க்க. துலிப் பூப்பது மார்ச் கடைசியிலிருந்து மே வரை. நீங்கள் வரும் செப்டம்பரில் அதன் கிழங்கைக்கூட மண்ணில் ஊன்றியிருக்க மாட்டார்கள். சித்தப்பா மனசில் வேறு ஏதாவது தோட்டம் இருந்தால் அதைச் சித்தி விசாரிக்கட்டும்.

கடைசி வரியில், இடம் போதாமல் நுணுக்கி நுணுக்கி எழுதியிருந்தாய்: பாரிஸ். அது யார் கேட்டது என்று போனில் கேட்டபோது மென்று முழுங்கினாயே, ஞாபகம் இருக்கிறதா? கல்யாணப் பெண் கேட்டாளாம். கூட வரப்போகிறவள் கேட்டது ஒன்றே ஒன்று. அதற்குக் கடைசி வரி. அப்போதே கத்தரிக்கோலை எடுத்துவிட்டேன்.

இப்போது மிச்சமிருப்பது இதுதான். பாரிஸில் நான்கு இரவு, எங்கள் வீட்டில் மூன்று, ரோமுக்குப் பதில் வெனிஸில் மூன்று. பாரிஸில் இறங்கி வெனிஸில் ஏறுகிற மாதிரி ஒரே டிக்கெட்டாகப் போடு. இறங்கிய ஊருக்கே விமானம் பிடிக்கத் திரும்பி ஓடுவது, காசு கொடுத்துக் களைப்பை வாங்குவது.

ஐந்து லட்சம் இருக்கிறது, போதாதா என்கிறாய். யூரோ நூறு ரூபாயைத் தாண்டியாயிற்று. விமான டிக்கெட்டும் விசாவும் போக உன் கையில் நிற்பது மூவாயிரம் யூரோ சொச்சம். உட்கார்ந்த இடத்தில் இருவர் பத்து நாள் சாப்பிட்டுத் தூங்கி ஊர் பார்க்க அது போதும். ஆனால் இங்கே பணத்தைத் தின்பது ஊர் அல்லடா, ஊர் மாறுவதுதான். பதினொரு மணிக்கு அறையைக் காலி பண்ணச் சொல்வார்கள். அடுத்த ஊரில் மூன்று மணிக்குத்தான் சாவி தருவார்கள். நடுவில் பெட்டியை ஸ்டேஷன் லாக்கரில் போட ஒரு கட்டணம், நின்றுகொண்டே தின்னும் சாண்ட்விச்சுக்கு ஒரு கட்டணம், கழிப்பறைக்கு ஒரு யூரோ, ஆளுக்கு. ஆறு நாடு என்றால் தேனிலவில் பாதியைப் பிளாட்பாரத்தில் பெட்டிக்குக் காவலிருந்தே கழிப்பாய்.

இருபது யூரோவுக்கு விமானமே இருக்கிறதே என்று ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருந்தாய். அந்த விலையில் ஏறுவது நீ மட்டும்தான். உன் பெட்டி ஏறாது. சில மலிவு விமானங்களில் இலவசமாகக் கொண்டுபோகும் பையின் அளவு நாற்பது, முப்பது, இருபது சென்டிமீட்டர். அதில் ஒரு பட்டுப்புடவையை வைத்தால் பிளவுஸைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். இறக்கிவிடும் இடமும் வேடிக்கை. ஃபிராங்க்ஃபர்ட்-ஹான் என்று ஒரு விமான நிலையம்; ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி. சென்னை என்று டிக்கெட் கொடுத்துத் திண்டிவனத்தில் இறக்கிவிடுவது போல. பாரிஸ் பெயரைச் சொல்லும் போவே நிலையமும் அந்த ஜாதிதான்.

ஆகவே ரயில். பாரிஸின் கிழக்கு நிலையத்திலிருந்து ம்யூனிக்குக்கு நேர் ரயிலில் ஆறு மணி நேரத்துக்குக் கிட்டே. மூன்று மாதம் முன்னால் வாங்கினால் மலிவு; போகப் போக ஏறும். மலிவு டிக்கெட் அந்த ஒரு ரயிலுக்குத்தான் செல்லும் என்பதை மட்டும் மறக்காதே. ஜெர்மன்காரன் கடிகாரம் மாதிரி என்று அப்பா சொல்லிக்கொண்டிருப்பாரே, அவரிடம் இதைப் படித்துக் காட்டு: இங்கே ஆறு நிமிடத்துக்குக் குறைவாகத் தாமதித்தால் அது தாமதமே இல்லை என்று கணக்கு. அப்படிக் கணக்கெழுதியும் 2024-இல் நெடுந்தூர ரயில்களில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்து தேறின. நெல்லை எக்ஸ்பிரஸை இனிமேல் யாரும் திட்டக் கூடாது.

விசாவுக்கு வருகிறேன். லக்சம்பர்க்கில், மோசெல் ஆற்றங்கரையில் ஷெங்கன் என்று சின்னக் கிராமம். 1985 ஜூன் 14 அன்று ஐந்து நாட்டுக்காரர்கள் அங்கே ஒரு கப்பலில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்கள். இன்று 29 நாட்டுக்கு ஒரே விசா. எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறாயோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். உனக்கு நான்கு இரவு பாரிஸ் என்பதால் பிரான்ஸ். ஆளுக்கு 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. முப்பதாயிரம் யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே கொடுக்கலாம். கடைசிப் பதினைந்து நாளில் போய் நிற்கக் கூடாது.

ஆவணியில் கல்யாணம், ஆனியிலேயே விண்ணப்பம். அதாவது விசா கேட்கும்போது நீங்கள் இருவரும் சட்டப்படி யாரோ. விமானம் ஏறும்போது புருஷன் பெண்டாட்டி. அதனால் கல்யாணப் பத்திரிகையையும் சேர்த்து வை. நாலு மூலையிலும் மஞ்சள் தடவியதை வைத்துவிடாதே. தூதரகத்தாருக்கு முறைப்படி அழைப்பு வைத்ததாக அப்பா மொய் எதிர்பார்க்க ஆரம்பித்துவிடுவார். விரல் ரேகை கொடுக்கும்போது அவள் விரல் நுனியில் மருதாணித் தொப்பி இருக்கக் கூடாது. எல்லையில் ரேகையை மறுபடி ஒப்பிடுவார்கள் என்பதால், முகூர்த்தத்துக்கு வைக்கும்போதும் உள்ளங்கையோடு நிறுத்தச் சொல்லு. அத்தைமார் கேட்க மாட்டார்கள். நீதான் தைரியமாகப் பேச வேண்டும்.

இன்னொன்று. பாஸ்போர்ட்டில் உன் குடும்பப் பெயர் இருக்கும் இடத்தில் நம் அப்பா பெயர், அவளுடையதில் அவள் அப்பா பெயர். ஓட்டல்காரர்கள் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். ஆக, வரவேற்பறையில் உன்னை நம் அப்பா பெயராலும் அவளை உன் மாமனார் பெயராலும் வாய் நிறைய அழைத்து, இருவருக்கும் ஒரே சாவியைக் கொடுப்பார்கள். சம்பந்திகள் இருவரும் செலவில்லாமல் உங்களோடு ஐரோப்பா பார்த்துவிடுவார்கள்.

மாதம் நன்றாகவே அமைந்திருக்கிறது. ஆடியில் புதுத் தம்பதி சேர்ந்திருக்கக் கூடாது என்று நம்மவர்கள் வைத்தது எதற்கோ. ஆனால் ஐரோப்பாவில் அறை வாடகை உச்சத்தில் நிற்பதும் அந்த ஆடி மாதம்தான். ஆவணி முடிகிற நேரத்தில் கூட்டம் வடிந்து விலையும் கொஞ்சம் இறங்கும். ஒரே கண்டம், செப்டம்பர் மூன்றாவது சனிக்கிழமை வாக்கில் இங்கே அக்டோபர்ஃபெஸ்ட் பீர் திருவிழா தொடங்கும். பெயர்தான் அக்டோபர், ஆரம்பம் செப்டம்பரில். அப்போது இந்த ஊரில் மாட்டுக் கொட்டகைக்குக்கூட நட்சத்திர ஓட்டல் விலை சொல்வார்கள். உனக்கென்ன, எங்கள் வீட்டு மாடியறை இருக்கிறது. ஆனால் ரயிலில் இடம் கிடைக்காது. அதற்கு முன்னால் வந்து போய்விடு.

பாரிஸில் ஈஃபில் கோபுரத்தின் உயரம் 330 மீட்டர். இரண்டாம் தளம்வரை 674 படி. படியேறுகிறவர்களுக்கு டிக்கெட் மலிவு. பழனிக்கு நடந்தே ஏறுகிற குடும்பம் நாம், லிஃப்டுக்கு எதற்குக் காசு? ஏறவே வேண்டாம் என்றால் இருட்டியபின் ஆற்றின் எதிர்க்கரையில் நின்றுகொள்ளுங்கள். மணிக்கொரு தரம் ஐந்து நிமிடம் கோபுரம் முழுக்க மினுங்கும். அதற்கு டிக்கெட் கிடையாது. லூவ்ர் அருங்காட்சியகம் 2026 ஜனவரியிலிருந்து நம்மைப் போன்ற வெளியாருக்கு 32 யூரோ, ஐரோப்பிய ஒன்றியத்தாருக்கு 22. அந்தப் பத்து யூரோ வித்தியாசத்துக்கு மோனாலிசா நம்மைப் பார்த்துக் கூடுதலாக ஒன்றும் சிரிப்பதில்லை. கல்யாணப் பெண்ணுக்கு ஓவியத்தில் ஆசை இருந்தால் போங்கள், போட்டோவுக்காகப் போக வேண்டாம். மூன்றாம் நாள் சோற்று ஏக்கம் வரும். வடக்கு ரயில் நிலையத்துக்குப் பின்னால் லா ஷப்பெல் பக்கம் நடந்தால் ஈழத் தமிழர் கடைகள் வரிசையாக இருக்கின்றன. தோசை, இடியாப்பம், கொத்து ரொட்டி, மாணிக்க விநாயகர் கோயில், எல்லாம் உண்டு. "வாங்கோ" என்று அவர்கள் கூப்பிடுகிற அழகில் புதுப்பெண்ணுக்குப் பாதி ஊர் ஏக்கம் தீர்ந்துவிடும்.

அம்மாவின் சுவிட்சர்லாந்தை வெட்டியதற்கு விளக்கம் கேட்பாள். யுங்ஃப்ராவ்யோக் போகிற மலை ரயில் 1912-இலிருந்து ஓடுகிறது. உச்சி நிலையம் 3,454 மீட்டர் உயரத்தில். இண்டர்லாக்கனிலிருந்து போய் வர சலுகை இல்லாமல் ஆளுக்கு 200 ஃபிராங்குக்கு மேல் ஆகும். அங்கே ஓர் இந்திய உணவகமும் இருக்கிறது. அத்தனை காசு கொடுத்து மேகத்துக்கு மேல் ஏறி நம்மவர்கள் தேடுவது பட்டாணிக் குருமாவைத்தான். பனிதான் வேண்டுமென்றால், ம்யூனிக்கிலிருந்து ஒரே நாளில் ஸூக்ஸ்பிட்ஸே போய் வரலாம். ஜெர்மனியின் உயர்ந்த சிகரம், 2,962 மீட்டர். அதுவும் சும்மா இல்லை, ஆனால் ராத்திரி தூங்க நம் வீடு. மேலும் வெனிஸ் போகும் ரயிலே இன்ஸ்ப்ரூக் தாண்டி 1,370 மீட்டர் உயரத்துப் பிரென்னர் கணவாயில் ஏறி இறங்குகிறது. ஆல்ப்ஸ் மலை மணிக்கணக்காக ஜன்னலோரம் வரும். அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு, இதுதான் சுவிட்சர்லாந்து என்று சொல்லிவிடு. மலைக்குப் பாஸ்போர்ட் கிடையாது, அவளுக்குத் தெரியப் போவதில்லை.

வெனிஸைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். தீவுக்குள் அறை எடுத்தால் நானூறு பாலங்கள் உள்ள ஊரில் உன் பெட்டியைப் படிப்படியாக நீதான் தூக்க வேண்டும். ரயிலில் பத்து நிமிடம் இந்தப் பக்கம் மெஸ்த்ரே, அங்கே தங்கு. அழகான ஊர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் வாடகை உறுத்தாது. கொண்டோலாப் படகுக்கு நகராட்சியே விலை நிர்ணயித்திருக்கிறது: பகலில் அரை மணி நேரத்துக்கு 90 யூரோ, ராத்திரி ஏழுக்கு மேல் 35 நிமிடத்துக்கு 110. ஆளுக்கு இல்லை, படகுக்கு. ஐந்து பேர் ஏறலாம். அதனால் சிக்கனம் கருதி வேறு மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசிப்பாய். உன்னை எனக்குத் தெரியும். தேனிலவில் ஷேர் ஆட்டோ கணக்குப் பார்த்தால் அவள் ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாள்.

கணக்குப் பார்க்க வேறு வழி இருக்கிறது. பெரிய கால்வாயில் பாலம் இல்லாத இடங்களில் அக்கரை சேர்க்க 'திரகெத்தோ' என்று கொண்டோலாவையே ஓட்டுகிறார்கள். முன்னே ஒருவர், பின்னே ஒருவர் துடுப்பு. ஆளுக்கு இரண்டு யூரோ. காய்கறிப் பையோடு ஒரு பாட்டி, செய்தித்தாள் மடித்த கிழவர், நடுவில் நீங்கள் இருவர். உள்ளூர்க்காரர்கள் உட்காருவதில்லை, நின்றபடியே போவார்கள். மோட்டார் படகின் அலை வந்து இடித்தால் அது ஒரு பக்கமாகச் சாயும். பாட்டி அசைய மாட்டாள், இவள் உன் கையைப் பிடிப்பாள். மூன்றே நிமிடம். தொண்ணூறு யூரோ கொடுத்தாலும் அதற்கு மேல் ஒன்றும் நடக்கப் போவதில்லை. இன்னொன்று, வசந்தத்திலும் கோடைத் தொடக்கத்திலும் சில நாட்களில் பகல் மட்டும் வந்து போகிறவர்களிடம் நுழைவுக் கட்டணம் வாங்குகிறார்கள், 2024-இல் ஆரம்பித்தது. செப்டம்பரில் உனக்கு அந்தத் தொல்லை இல்லை. புறாவுக்குத் தீனி போடாதே, அபராதம்.

அறையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. ஜெர்மன் பக்கம் இரட்டைக் கட்டில் என்றால் பெரும்பாலும் இரண்டு மெத்தை, இரண்டு போர்வை, நடுவில் ஒரு பள்ளம். இருபத்தொன்பது நாட்டு எல்லையை அழித்த ஒப்பந்தம் அந்த எல்லையை மட்டும் தொடவில்லை. எங்கள் மாடியறையில் ஒரே மெத்தை போடச் சொல்லி அத்தானிடம் சொல்லியிருக்கிறேன். காரணத்தை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அம்மா கட்டித் தரப்போகும் மூட்டைக்கு: இறைச்சியும் பால் பொருளும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுவரக் கூடாது. நெய் டப்பா வேண்டாம். கறிவேப்பிலைக் கொத்துக்கும் சான்றிதழ் கேட்பார்கள். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் தடை இல்லை. மீன் வகை ஆளுக்கு இருபது கிலோவரை அனுமதி, அதாவது கருவாடு. சட்டம் இடம் கொடுக்கிறதே என்று புதுப்பெண்ணின் பட்டுப்புடவைக்கு நடுவில் கருவாட்டை வைத்துவிடாதே. அத்தானுக்குத் திருநெல்வேலி அல்வா வேண்டுமாம். அது பால் பொருளா, மிட்டாயா என்று சுங்கத்தாரோடு வாதாட அவர் தயார். பிடிபட்டால் மாட்டிக்கொள்ளப்போவது நீதான் என்பதால் அவ்வளவு தைரியம்.

ரோம் போன செய்தியை அப்பாவிடம் நீயே சொல்லு. அவளுடைய பாஸ்போர்ட்டில் ஊர் திரும்பிய பிறகும் மூன்று மாதத்துக்காவது செல்லுபடி இருக்கிறதா என்று இன்றைக்கே பார்த்து, முதல் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பு. விசாவுக்கு நான் தரும் அழைப்புக் கடிதத்தில் அவள் பெயரை எழுத வேண்டும். 'தம்பி பெண்டாட்டி' என்று போட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அன்புடன்,
அக்கா