பால் குடிக்கும் பிள்ளை

கேள்வி: ஒன்றரை வயது மகன் தினமும் ஒரு லிட்டர் பசும்பால் குடிக்கிறான். சோற்றைக் கண்டால் வாயை இறுக்கிக்கொள்கிறான். ‘பால் குடிச்சாத்தான் புள்ள தேறும்’ என்கிறார் மாமியார். என்ன செய்ய?
– ஒரு தாய், கருவடிக்குப்பம்

பதில்: பான்லே பால் பாக்கெட் இரண்டை வயிற்றில் நிரப்பிக்கொண்டவனுக்குப் பசி எப்படி வரும்? பாலில் கால்சியம் தாராளம், இரும்புச்சத்து சொற்பம். அளவு மீறினால் ரத்தசோகை வரலாம். இந்த வயதுக்கு நாளைக்கு அரை லிட்டருக்குள் போதும். அதையும் புட்டியில் வேண்டாம், டம்ளரில், சோற்றுக்குப் பிறகு. பருப்பு, கீரை, முட்டை கொடுங்கள். புதுச்சேரியில் மீனுக்கா பஞ்சம்? முள் நீக்கி மசித்துக் கொடுங்கள். வேடிக்கை காட்டி ஊட்ட, பாரதி உலவிய குயில்தோப்பு உங்கள் பக்கத்திலேயே இருக்கிறது. முகம் வெளுத்திருந்தால் மட்டும் தாமதிக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மாமியாருக்கா? மிச்சமாகும் அரை லிட்டரில் நல்ல காபி.