கன்னா படம்

எங்கள் வீட்டுக் கூடத்தில் அண்ணா படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் தொங்கும். பத்திரிகையில் கத்தரித்து, சோற்றுப் பருக்கையால் அட்டையில் ஒட்டியது. வடநாட்டுச் சம்பந்தியோ என்று ஊரில் கேட்டவர்கள் உண்டு. அவர் நீதிபதி எச்.ஆர்.கன்னா.

நெருக்கடி நிலையின்போது, 1976 ஜனவரி 31-ல் கழக ஆட்சியைக் கலைத்தார்கள். சில நாளில் பெரியப்பாவை மிசாவில் கொண்டுபோனார்கள். ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை; அதுதான் அந்தச் சட்டத்தின் சௌகரியம். இப்படி அடைபட்டவன் கோர்ட்டுக்குப் போக வழியில்லை என்று ஏப்ரல் 28-ல் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் தீர்ப்பெழுத, உண்டு என்றவர் கன்னா ஒருவர்தான். தலைமை நீதிபதி நாற்காலி அவருக்குக் கிடைக்காமலே போனது.

திரும்பி வந்த பெரியப்பாவுக்கு இடது கை தோளுக்கு மேல் ஏறவில்லை. பெரியம்மாதான் சட்டை மாட்டிவிடுவார். "விசாரிக்காம அடிக்கிற கை எந்தக் கட்சிக் கையா இருந்தா என்னடா?" என்பார் திண்ணையில். எனக்குப் பத்து வயது. வேதவாக்கு.

2019 டிசம்பர் 6. ஹைதராபாத் அருகே பெண் மருத்துவரைச் சீரழித்துக் கொன்றதாகப் பிடிபட்ட நால்வரை விடிகாலையில் போலீஸ் சுட்டுக் கொன்றது. டிவியில் போலீஸ்காரர்கள்மேல் ஜனங்கள் பூத்தூவினார்கள். பெரியப்பா பணத்தை நீட்டி, "அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிட்டு வா" என்றார். பேத்திக்கு அப்போது பெங்களூரில் நைட் ஷிஃப்ட்.

"கோர்ட்டு இருக்கே, பெரியப்பா?"

"அவனுங்களுக்கு என்னடா கோர்ட்டு?"

வாங்கி வந்தேன். நானும் மூன்று துண்டு தின்றேன்.

ஆறே மாதத்தில் சாத்தான்குளம். கடையை நேரத்துக்கு மூடவில்லை என்று போலீஸ் பிடித்துப்போன தந்தையும் மகனும் செத்துப்போனார்கள். ஆட்சி அப்போது எதிர்த்தரப்பு. பெரியப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை; கன்னா படத்தைத் துடைக்கச் சொன்னார். 2022-ல் சிர்புர்கர் ஆணையம், அந்த நால்வரைக் கொல்லும் நோக்கத்தோடுதான் சுட்டார்கள், அதில் மூவர் சிறுவர்கள் என்று சொன்னபோது மட்டும் சேனலை மாற்றினார்.

2025 ஜூனில் திருப்புவனம். நகைத் திருட்டுச் சந்தேகத்தில் பிடித்த கோயில் காவலாளியைப் போலீஸ் அடித்தே கொன்றது. இந்த முறை நம் ஆட்சி.

"முதல்வரே போன்ல அவங்க அம்மாகிட்ட ஸாரி கேட்டுட்டாரு. நாலு போலீஸ்காரன் பண்ணதுக்கு ஆட்சி என்னடா செய்யும்? ஊதிப் பெருசாக்குறானுங்க."

கட்சிக் கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. சட்டையை எடுத்தார். பெரியம்மா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. இடது கையை நான்தான் நுழைத்துவிட்டேன்.