கால்ல தூசியே இல்லையே!

என்ன தம்பி, போனைத் தூக்கிக்கிட்டு ஓடியாற? "படத்துல நின்ன ஆளையே கம்ப்யூட்டர்ல அழிச்சிட்டாங்க தாத்தா, காலம் கெட்டுப்போச்சு"ங்குறியா? காலம் எப்பப்பா நல்லா இருந்துச்சு? உக்காரு, திண்ணையில எடம் கெடக்கு.

ருஷ்யாவுல ஸ்டாலின்னு ஒருத்தரு. நம்ம கீழத்தெரு ஸ்டாலின் இல்லப்பா, அசலு. மாஸ்கோ வாய்க்கா கரையில அவரு பக்கத்துல யெசோவ்னு ஒரு போலீசுப் பெரியவரு நின்னு படம் புடிச்சிக்கிட்டாரு. 1940ல அந்தப் பெரியவரையே சுட்டுப்புட்டாங்க. பொறவு அதே படத்தைப் பாத்தா ஆளைக் காணும். அவரு நின்ன எடத்துல வாய்க்கா தண்ணி கெடக்கு. கம்ப்யூட்டரா இருந்துச்சு அன்னைக்கு?

அடுத்தவரு பேரியா. இவரும் போலீசுதான். 1953 டிசம்பர்ல இவருக்கும் அதே கதி. ஆனா அரசாங்கமே போட்ட பெரிய கலைக்களஞ்சியத்துல இவரைப் பத்திப் புகழ்ந்து எழுதி, அது வீடு வீடாப் போயிருச்சே? வித்த புத்தகத்தைத் திரும்ப வாங்க முடியுமா? 1954ல சந்தாதாருக்குத் தபால் வருது: கத்தரியோ பிளேடோ வச்சு அந்தப் பக்கத்தை வெட்டிப்புட்டு, இதை ஒட்டிக்குங்க. புதுப் பக்கத்துல என்ன தெரியுமா? பேரிங் கடல்! எழுத்து வரிசையில பக்கத்துல வருதாம். நம்ம நாகப்பட்டினத்துல கடல் வந்து ஆளைக் கொண்டுபோச்சு. அங்க ஆளைக் கொண்டுபோயிட்டுக் கடலைக் கொண்டாந்து வச்சாங்க.

செங்கொடிக்காரன்தான் இப்படின்னு நெனச்சுக்காத. அதுக்கு முந்தி ஜார் ராசா மட்டும் என்ன வாழ்ந்தாரு? 1913ல அவுக வம்சம் பட்டத்துக்கு வந்து 300 வருசம்னு ராசா மொகம் போட்டுத் தபால் தலை அடிச்சாங்க. தபால்காரருக்கு ஒரே நடுக்கம். ராசா மூஞ்சியில கறுப்பு முத்திரை குத்தலாமா? சில பேரு குத்தவே மாட்டேன்னுட்டாங்க. நாலே வருசம், ராசாவும் இல்ல, பட்டமும் இல்ல. அதுக்கும் முந்தி 1787ல, ராணி கேத்தரின் கிரிமியாப் பக்கம் போனப்ப ஆத்தங்கரையில அட்டையில ஊரு கட்டி வச்சாங்கன்னு கதை. அந்தக் கதையில பாதி ஆகாதவங்க கட்டிவிட்டதுங்குறாங்க. எனக்கு அதிசயமே இல்ல. மந்திரி வர்றாருன்னா நம்ம ரோட்டோரம் வெள்ளைக்கோடா பிளீச்சிங் பவுடர் விழுதா இல்லையா? கார் அந்தாண்ட போனதும் கொசு இந்தாண்ட வருதா இல்லையா?

எனக்கு இந்தப் பாடம் நடத்துனது எங்கப்பா. கைநாட்டு. அப்ப எங்க பக்கமெல்லாம் 'சோவியத் நாடு'ன்னு ஒரு பத்திரிகை வரும். தாளு வழவழன்னு கனமா இருக்கும். ஜூன்ல பள்ளிக்கூடம் தொறந்தா அதுதான் நோட்டுக்கு அட்டை. கணக்கு நோட்டுக்குக் கோதுமை வயலு, பூகோள நோட்டுக்கு ராக்கெட்டு. கோதுமை வயல்ல அறுப்பு மெஷின் மேல ஒரு பொம்பளை. தலையில பூப்போட்ட துணி, வாய் நெறையச் சிரிப்பு. எங்கப்பா குறுவை நடவு முடிச்சு, முழங்கால் சேத்தோட வந்து அந்த நோட்டை வாங்கிப் பாத்தாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. "ஏண்டா, இந்தம்மா கால்ல தூசியே இல்லையே? அறுப்புக்கு வந்துச்சா, கல்யாணத்துக்கு வந்துச்சா?"

இதையே, ஸ்டாலினுக்குப் பொறவு வந்த குருசேவ் 1956லதான் சொன்னாரு. ஸ்டாலினுக்கு நாட்டுப்புறம் சினிமாவுலதான் தெரியும்னாரு. சினிமாவுல பண்ணையாட்கள் வீட்டு மேசை வான்கோழி பாரம் தாங்காம வளையுமாம். ஸ்டாலின் கடைசியா ஊர்ப்பக்கம் போனது 1928 ஜனவரியில. அதுக்கப்பறம் 25 வருசம் ஆண்டாரு! வரப்புல கால் வைக்காதவரு வெளைச்சல் கணக்குக் கேட்டா, எழுதுறவன் என்னத்த எழுதுவான்? 1932லயும் 33லயும் உக்ரைன்ல லட்சம் லட்சமா பட்டினியில செத்தாங்க. அவுக கட்சிப் பத்திரிகை பிராவ்தாவுல மூச்சு இல்ல. பிராவ்தான்னா என்ன அர்த்தம் தெரியுமா? உண்மை!

எங்க ஊருத் தோழருங்களைச் சேத்துக் கேலி பண்றேன்னு நெனச்சுடாத, பல்லைப் பேத்துருவேன். சீனிவாச ராவ் மாதிரி ஆளுங்க சேரி சேரியா நடந்தாங்க. 1944ல மன்னார்குடி ஒப்பந்தத்துல பண்ணையாளுக்குச் சாணிப்பாலும் சவுக்கடியும் கூடாதுன்னு எழுதி வாங்குனாங்க. 1968 டிசம்பர்ல கீழ்வெண்மணியில ஒரே குடிசையில 44 பேரு எரிஞ்சாங்க. கூலி நெல்லு கொஞ்சம் கூடக் கேட்ட சனம். அவுகளுக்கு வழவழத் தாளு கொடி புடிக்கச் சொல்லித் தரல. அவுக கால்ல சேறு இருந்துச்சு.

ஆனா பேரு வைக்கிறதுல மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுட்டாங்க. எங்க கீழத்தெருவுல மட்டும் ஒரு லெனின், ரெண்டு ஸ்டாலின். குருசேவ் திட்டுன சேதி மாஸ்கோவுலேர்ந்து கீழத்தெருவுக்கு இன்னும் வந்து சேரல.

1991ல அந்த நாடே இல்லன்னு ஆயிருச்சு. பத்திரிகையும் போச்சு. அடுத்த ஜூன்ல என் பொடியனுக்குப் பழுப்புத் தாள்ல அட்டை போட்டேன். ஒரு மழைக்குத் தாங்கல. நோட்டோட கூழாப் போயிருச்சு. எனக்கு அப்பத்தான் அந்த நாட்டு மேல கொஞ்சம் வருத்தமே வந்துச்சு.

சரி, அந்தப் போனைக் கொண்டா பாப்போம். இதுல யாருப்பா இந்த வேட்டிக்காரரு? நாத்து நடுறாராமா? கேமராவைப் பாத்துக்கிட்டா? கீழ எறக்கு, காலைக் காட்டு.