வண்டு பிடித்த படங்கள்

துணுக்காயின் மாரிகாலத்தை முதன்முதலாக ஒழுங்காகப் படம் பிடித்தது வண்டுதான். இலங்கை விமானப்படையின் ஆளில்லா வேவு விமானத்துக்கு வன்னிச் சனம் வைத்த பெயர் அது. மழை விட்டு வானம் வெளித்த காலைகளில், கண்ணுக்கு எட்டாத உயரத்தில் நின்று இரைந்துகொண்டிருக்கும். வான் பாயும் வவுனிக்குளம், குடலைப் பருவத்துப் பெரும்போக நெல், பாலியாற்றங்கரை மருதமரங்கள், மாடு சாய்த்துக்கொண்டு போகும் ஆள் என்று எல்லாமே அதற்குள் விழுந்திருக்கும். நல்ல படப்பிடிப்பாளருக்கு வேண்டிய பொறுமை அதற்கு இருந்தது. ஒரே இடத்தை மணித்தியாலக் கணக்கில் சுற்றிச் சுற்றி எடுக்கும். எடுத்ததில் ஒன்றையேனும் எங்களுக்குக் காட்டியதில்லை. எந்த இடம் நன்றாக விழுந்திருக்கிறது என்பதைப் பிறகு கிபிர் குண்டுவீச்சு விமானம் வந்து சொல்லும்.

எங்களிடம் கமராவே இருக்கவில்லை என்றும் சொல்லமுடியாது. 1995 ஒக்ரோபர் கடைசியில் யாழ்ப்பாணத்துச் சனம் இடம்பெயர்ந்து, அடுத்த மாதங்களில் பெருந்தொகையானோர் கிளாலிக் கடல் கடந்து வன்னிக்குள் வந்தபோது, பக்கத்து மல்லாவி பட்டணமாகிவிட்டது. வந்தவர்களில் ஒருவர் ஸ்ரூடியோக்காரர். வீட்டையும் தளபாடத்தையும் விட்டுவிட்டு வந்தவர், பின்னால் தொங்கவிடும் சீலையை மட்டும் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். சீலையில் பனி மூடிய மலை, ஊசியிலை மரங்கள், ஒரு நீல ஏரி, ஏரிக்கரையில் புகைபோக்கி வைத்த மரவீடு. தகரக் கொட்டிலுக்குள், வியர்வையைத் துடைத்துவிட்டு, அந்தப் பனிக்கு முன்னால் நாங்கள் விறைப்பாக நிற்போம்.

றோலில் முப்பத்தாறு படம். பொருளாதாரத் தடைக்காலத்தில் ரோர்ச் பற்றறியே வராத ஊருக்குள் றோல் வருவது என்ன லேசா? ஆகவே அந்த முப்பத்தாறும் முகங்களுக்கே. அடையாள அட்டைக்கு ஒரு முகம், பாஸ் எடுக்க ஒரு முகம், கலியாணம் பேச ஒரு முகம். கொக்குக்கும் குளத்துக்கும் ஒரு படத்தைச் செலவழிக்கிறேன் என்று யாராவது சொல்லியிருந்தால், ஸ்ரூடியோக்காரர் அந்த ஆளைப் பரியாரியிடம் கூட்டிக்கொண்டு போயிருப்பார். சொந்தத்தில் ஒரு பெண் அந்தச் சீலைக்கு முன்னால் நின்று எடுத்த படம் சூரிச்சுக்குப் போனது. அங்கிருந்து மாப்பிள்ளை உண்மையான பனிக்குள் நின்று எடுத்து அனுப்பினார். இரண்டு படமும் இப்போது ஒரே அல்பத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பத்துப் பொருத்தத்திலும் இப்படியொரு பொருத்தத்தை எந்தச் சாத்திரியும் பார்த்திருக்கமாட்டார்.

ரொறன்ரோ மாமாவின் படங்களும் வரும். முழங்கால் வரை பனி, புதைந்துபோன கார், அதற்குப் பக்கத்தில் கழுத்துவரை மூடிய மாமா. பின்பக்கத்தில் பேனையால் ‘வீட்டு முன்வாசல், ஜனவரி’ என்று எழுதியிருக்கும். அதுதான் காட்சி என்று நினைத்திருந்தோம். எங்கள் முன்வாசலில் ஒக்ரோபரில் தொடங்கித் தைப்பொங்கல் தாண்டும் வரைக்கும் நடந்துகொண்டிருந்ததை யாரும் காட்சி என்று சொல்லவில்லை. அது சேறு.

அந்தச் சேற்றுக்குள்தான் எல்லாம் வந்தன. வட ஆசியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் இமயத்தைத் தாண்டி வரும் ஊசிவால் வாத்தும் நீலச்சிறகியும் நீர்ப்பரப்பில் இறங்கும். உழுத வயலில் உள்ளான் குந்தியிருக்கும். எங்களுக்கு அதன் பெயர் தெரிந்தது கறிச்சட்டி மூலமாகத்தான். வெள்ளைக்கார அதிகாரிகள் துவக்கோடு வயல்வரம்பில் அலைந்ததும் அந்தக் குருவிக்காகத்தான். ஆகவே இரசனையில் எங்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. இமயத்து அடிவாரத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இங்கே மாரி கழிக்க வரும் ஆறுமணிக்குருவி, காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் வேலியடியில் நின்று இரண்டு குரல் வைக்கும். பற்றறி இல்லாமல் மணிக்கூடு நின்றுபோன வீடுகளில் அதன் சேவை பெரிது. ஒன்பது நிறம் கொண்ட குருவி என்று பிறகு புத்தகத்தில் படித்தேன். அன்று நாங்கள் அதன் நேரத்தைத்தான் பார்த்தோம்.

வீட்டுக்கு மிகக் கிட்ட வனவிலங்கு பார்க்கவேண்டும் என்றால் பங்கர் இருந்தது. மாரியில் பங்கருக்குள் தண்ணீர் ஊறும். தண்ணீருக்குத் தவளை வரும். தவளைக்குப் புடையன் வரும். கிபிர் வந்தால் நாங்கள் வருவோம். கையெட்டும் தூரம், அசையாத விலங்கு, மேலிருந்து சாய்வாக விழும் வெளிச்சம் என்று படப்பிடிப்பு வகுப்புகளில் சொல்லித்தருவது எல்லாம் அங்கே கூடியிருந்தன. அந்த நேரத்தில் மேலே இருப்பதா கீழே இருப்பதா பெரிய ஆபத்து என்று முடிவெடுக்கவே மூளை போதவில்லை.

2008 ஓகஸ்ட்டில் ஊர் வெறுமையானது. அந்த மாரிக்கு யாரும் விதைக்கவில்லை. நவம்பரில் நிஷா புயல் கொட்டிய மழையை, நாங்கள் கிழக்கே தறப்பாளுக்குக் கீழே இருந்து வாங்கிக்கொண்டோம். பிறகு நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. மீளக்குடியமர வந்தபோது வயலுக்குள் ஆளுயரத்துக்குப் பற்றை. வீட்டுச் சுவரில் கூரை இல்லை, கூரை இருந்த இடத்தில் கொடி இருந்தது. காட்டோரமெங்கும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. மிதிவெடி எடுத்து முடியும்வரைக்கும் அந்தப் பலகைக்கு அப்பால் மனிதர் போகமாட்டார்கள். வர்த்தமானி அறிவித்தல் எதுவும் இல்லாமல், வேலியும் காவலரும் இல்லாமல், இந்த நாட்டில் ஒழுங்காக நடந்த சரணாலயங்கள் அவைதாம்.

அந்தக் காலத்தில் வளர்ந்ததைத்தான் இப்போது படம் எடுக்க வருகிறார்கள். மார்கழி விடுமுறையில் கொழும்பு வாகனங்கள் வரும், கனடா மருமக்கள் வருவார்கள். தோளில் உலக்கை மாதிரி லென்ஸ். அவர்களில் ஒருவர் காட்டிய படம் உண்மையிலேயே அழகு. மூடுபனி, அதற்குள் மரை ஒன்று, பின்னால் அடர்ந்த பச்சை. மனிதக் காலடி படாத வன்னிக் காடு என்று அதற்குத் தலைப்பு வைத்திருந்தார். இடது மூலையில், பனிக்குள் பாதி மறைந்து, ஒரு தென்னை நின்றது. வன்னிக் காட்டில் தென்னை தானாக முளைப்பதில்லை. யாரோ நட்டு, கிணற்றிலிருந்து தண்ணீர் அள்ளி ஊற்றியிருக்கவேண்டும். நான் ஒன்றும் சொல்லவில்லை. படம் நல்ல படம்தானே.

குளக்கட்டில் நின்ற கிழவர் ஒருவர் என்னைப்போல் பேசாமல் விடவில்லை. பட்ட மரத்தில் குந்தியிருந்த கூழைக்கடாவுக்குக் குறி வைத்துக்கொண்டிருந்த பெடியன், “ஐயா, கொஞ்சம் அங்கால தள்ளி நில்லுங்கோ, படத்துக்குள்ள வாறியள்” என்றான்.

“தள்ளித்தான் தம்பி நிண்டனாங்கள். எட்டாம் ஆண்டு வெளிக்கிட்டு ஒரு வருசத்துக்கு மேல. அந்த நேரந்தான் உவையெல்லாம் உள்ளுக்க வந்தவை” என்றார். சொல்லிவிட்டுத் தள்ளியும் நின்றார்.

ஊர்ப் பெடியளும் குறைந்தவர்கள் இல்லை. எல்லார் பையிலும் போன், எல்லாப் போனிலும் வவுனிக்குளத்துச் சூரியன். ஆனால் அன்று வெறும் வானத்தில் பறந்த தகைவிலான்கள் இன்று மின்கம்பியில் வரிசையாக இருக்கின்றன. கம்பி இல்லாத ஆகாயம் இருந்தபோது றோல் இல்லை, எண்ணாமல் எடுக்கலாம் என்று வந்தபோது எந்தப் பக்கம் திரும்பினாலும் படத்துக்குள் கம்பி. கம்பியை அழிக்க ஒரு செயலி இருக்கிறதாம். அதே செயலி பனியும் கொட்டும். மருமகள் ஒருத்தி குளக்கட்டில் நின்று எடுத்த படத்தில் வெண்பனி பொழிந்துகொண்டிருந்தது. ஸ்ரூடியோச் சீலை வீண்போகவில்லை என்று நினைத்துக்கொண்டேன். கலியாண வீட்டுக்கு முதன்முதல் ட்ரோன் வந்த அன்று, அந்த இரைச்சலைக் கேட்டதும் பந்தலில் இருந்த மூத்த பெண்கள் எழும்பி, பேரப்பிள்ளைகளை இழுத்துக்கொண்டு விறாந்தைக்குள் ஓடினார்கள். படக்காரப் பெடியன் பிந்திப் பிறந்தவன். அவர்கள் கமராவுக்கு வெட்கப்படுகிறார்கள் என்று நினைத்தான்.

குளிரையும் எங்கள் ஊர் ஒருதடவை காட்டியது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் கடந்த நாள்களில், வடக்கிலும் கிழக்கிலும் வெளியில் நின்ற மாடுகள் நூற்றுக்கணக்கில் விறைத்துச் செத்தன. தண்ணீர் உறையவில்லை, பனி விழவில்லை. ஈரமும் காற்றும் போதுமாயிருந்தன. பத்திரிகைகளில் எங்கள் பக்கத்துக் குளிர்காலப் படங்கள் வந்தது எனக்குத் தெரிய அப்போதுதான். தரவையில் கால் நீட்டிக் கிடந்த மாடுகள். ரொறன்ரோ மாமா போன் எடுத்து, “உங்கை அப்படியென்ன குளிர்?” என்று கேட்டார். அவரிடம் ஜாக்கெட் இருந்தது.

சென்னையில் மா. கிருஷ்ணன் என்று ஒரு வனவிலங்குப் படப்பிடிப்பாளர் இருந்தார். நாவலாசிரியர் மாதவையாவின் மகன். 1996இல் காலமானார். பல கமராக்களின் பாகங்களைத் தானே பொருத்திச் செய்த கமராவோடு, முதுமலையில் யானை மேல் ஏறியிருந்து காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். தியடோர் பாஸ்கரன் தொகுத்த அவருடைய ‘மழைக்காலமும் குயிலோசையும்’ நூலைப் பிந்தித்தான் வாசித்தேன். யானையிடம் போவதற்கு அந்த மனிதர் பட்ட பாடு பெரிது. துணுக்காயில் அந்தச் சிரமம் இல்லை. யானையே வரும்.

அரசாங்கமும் வீட்டுப் பக்கத்து விலங்குகளைப் பார்க்கச் சொல்லித்தான் இருக்கிறது. 2025 மார்ச் 15 காலை 8 மணி தொடங்கி ஐந்து நிமிடத்துக்கு, அவரவர் வளவில் நிற்கும் குரங்கு, மயில், மரஅணில்களை எண்ணித் தரும்படி நாடு முழுவதையும் கேட்டது. பட்டியலில் யானை இல்லை. யானை எட்டு மணிக்கு வருவதும் இல்லை.

பக்கத்து வளவுக்காரர் வீட்டுக்கு அது வந்தது நெல் மூட்டை அடுக்கியிருந்த மாசி மாதத்தில், நடுச்சாமத்தில். குசினிச் சுவரைத் தள்ளி இரண்டு மூட்டையை இழுத்துக்கொண்டு நின்றபோது, மனிசன் யன்னலுக்குள்ளால் போனை நீட்டி எடுத்திருக்கிறார். நட்டஈட்டுக்கு அத்தாட்சி வேண்டுமே. துணுக்காயில் இன்று எடுக்கப்படும் வனவிலங்குப் படங்களில் முக்கால்வாசி இந்த வகைதான்: உடைந்த சுவர், முறிந்த தென்னை, சேற்றில் பதிந்த அடி. இவருடைய படத்தில் யானையே இருந்தது. அதாவது கறுப்பு, அதற்குள் இன்னும் கொஞ்சம் கறுப்பு, நடுவில் ஒரு சின்ன வெளிச்சம். அது கண்.

அலுவலகத்தில் ஒரு பிள்ளை படத்தை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, “ஐயா, இதில யானை வடிவாத் தெரியேல்லையே. கொஞ்சம் தெளிவான படம் இல்லையோ?” என்று கேட்டிருக்கிறது.

“அடுத்த முறை வரேக்க முகத்தைக் காட்டிக்கொண்டு நிக்கச் சொல்லுறன் பிள்ளை” என்று சொல்லிவிட்டு வந்தார். இப்போது, இருட்டிலும் தெளிவாக விழும் போன் ஒன்று வாங்கச் சீட்டுக் கட்டிக்கொண்டிருக்கிறார்.